அப்பாவின் குரல் எட்டும் தூரம்

ஒன்பதாம் தேதி, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. அத்தையின் குரல் மூன்று சுவர்களைத் தாண்டியது என்று எழுதியிருந்தேன். இரண்டு சுவர்கள்தான். மூன்றாவது, நடையில் காயப்போட்டிருந்த கனத்த போர்வை. ஈரப் போர்வையைச் சுவராக எண்ணலாமா என்று வகுப்பில் கேட்க வேண்டும்.

இதை எழுதியவள் அந்த வீட்டின் இளைய பெண். எல்லோருக்கும் அவள் சின்னவள். பகலில் நகர நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் வேலை; மாலையில் தொழிற்பள்ளியில் கம்பியில்லாத் தொடர்பு பற்றிய வகுப்பு. அவள் வகுப்பில் சேர்ந்த பருவத்திலேயே வீட்டில் இப்படி ஆனது தற்செயல்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளும் அதை நம்பினாள், ஆனால் தன்னால்தானோ என்று அவ்வப்போது பயந்து, பயந்ததையும் தேதி போட்டு எழுதிவைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். அவர்கள் குடியிருந்த மேல்மாடிக்கு மேலே, மொட்டைமாடியில் கைப்பேசிக் கோபுரம் ஒன்று நின்றது. அதன் கால்கள் ஊன்றிய இடத்தில் கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் புகார் செய்ய, ஆட்கள் வந்து அதைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை, கோபுரம் பார்த்துவந்த வேலையை அதன் அடியில் குடியிருந்தவர்களின் தொண்டைகள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. அதன்பின் அந்த வீட்டாரின் பேச்சு மற்றவர்களுடையதைப்போல வாயில் கிளம்பிக் காதில் விழவில்லை. ஒவ்வொருவர் பேச்சும் ஒவ்வொரு வழியாகப் போயிற்று. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஒரு பெட்டியோடு வந்து பார்த்தார்கள். பெட்டியில் முள் நன்றாக ஆடியது. சிக்னல் போதுமான அளவு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப்போனார்கள்.

அத்தைக்கு வைஃபை வாய்த்தது. அப்பாவின் அக்காவான அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். தன் அறையில் உட்கார்ந்து முணுமுணுத்தால் போதும், வீட்டின் எல்லா மூலைகளிலும் ஒரே அளவில் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் மங்கியது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது விட்டுவிட்டு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் பேச்சைக் கவனித்தால் சொற்கள் இழுபட்டு, ஒரு வாக்கியம் முடிவதற்குள் பால் பொங்கிவிடும். வெளியாட்களுக்குக் கடவுச்சொல் தெரிந்தால்தான் அவள் பேசுவது விழும். சலவைக்கூடத்து ஆட்கள், கடவுச்சொல் மறந்துபோயிற்று என்று சாக்குச் சொல்லி அவள் ஏவுவதைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகினார்கள். அத்தை மாதாமாதம் புதிய சொல் ஒன்றைக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே நின்று வேலை வாங்கினாள்.

அம்மாவுக்குப் புளூடூத். வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள் அவள். எதிரே இருப்பவரைப் பார்த்து அவள் தலையசைக்க, அவரும் தலையசைத்தால், அதன்பின் அவள் சொல்வது அந்த ஒருவருக்கு மட்டும், தையல் அறையிலிருந்து மாடிப்படித் திருப்பம் வரை கேட்கும். இடுப்பளவு பெருத்துவிட்டதைப் பக்கத்தில் நிற்பவர் அறியாமல் சொல்ல முடிந்ததால் வாடிக்கையாளர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. காலையில் அண்ணனைத் திட்டத் தொடங்குவாள். அவன் பாதியில் நழுவி வேலைக்கு ஓடுவான். மாலை திரும்பி வந்து படித் திருப்பத்தில் கால் வைத்ததும் இணைப்பு தானாகப் பற்றிக்கொள்ள, "...அதனாலதான் சொல்றேன், ஈரத் துண்டை மெத்தை மேல போடாதேன்னு" என்று விட்ட இடத்திலிருந்து காதில் விழும்.

அண்ணன் கடைத்தொகுதி ஒன்றில் காவலாளி. அவன் குரல் வாக்கி-டாக்கியாக மாறியது. தெருமுனை வரை எட்டியது. ஆனால் அவன் பேசும்போது பிறர் பேசுவது அவனுக்குக் கேட்காது. பேசி முடித்து "ஓவர்" என்றபின்தான் காது திறக்கும். "இவன் பேசுறப்ப மத்தவங்க சொல்றது இவனுக்கு விழாதாம். இதுல புதுசா என்ன இருக்கு?" என்றாள் அத்தை. அவன் அப்போது பேசிக்கொண்டிருந்ததால் அதுவும் அவனுக்கு விழவில்லை. பின்னறையில் இருந்த சித்தப்பா, பூட்டு பழுது பார்ப்பவர், பண்பலை வானொலியானார். அவர் சொல்வது ஊர் முழுக்க எல்லா வானொலிகளிலும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வந்தது. திருப்பி யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வழியில்லை. அவரது குறட்டையை டாக்ஸி ஓட்டுநர்கள் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்கள். காலையில் அவர் கடைப் பக்கம் வண்டியை மெதுவாக்கி, "நேத்து நல்ல தூக்கம் போல, சித்தப்பா!" என்று தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரே அவரைச் சித்தப்பா என்றது.

இவற்றையெல்லாம் சின்னவள் ஒழுங்காகச் சோதித்து எழுதினாள். தன் குரலைச் சோதிக்கவில்லை. அவள் எதையாவது சொன்னால் வீட்டில் "என்ன?" என்று ஒருமுறை கேட்பது முன்பிருந்தே வழக்கம். இப்போதும் அப்படியே கேட்டதால் மாற்றம் ஏதும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

அப்பாவுக்கு மட்டும் ஒன்றுமே வாய்க்கவில்லை. அவர் வாயைத் திறந்தார், உதடுகள் அசைந்தன, கழுத்தில் நரம்பு புடைத்தது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கை ஒரு சாண் தள்ளிவைத்துக்கொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படுகிறது, எந்தக் குழந்தை எந்தத் தூணருகே அழுதுகொண்டு நிற்கிறது என்று சொல்வது அவர் வேலை. அந்த ஊரில் அவர் முகத்தை அறிந்தவர்கள் குறைவு, குரலை அறியாதவர் இல்லை. இப்போது டிக்கெட் கொடுப்பவர் ஒருவர் அவர் இடத்தில் உட்கார்ந்து அறிவித்தார். கடற்கரைக்குப் போக வேண்டியவர்கள் மலைக்குப் போய்ச் சேர்ந்து குளிரில் நடுங்கினார்கள். நிலைய மேலாளர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம், "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்மா. அதுக்குள்ள வரலைன்னா, தொலைஞ்ச பொருள் அறைக்கு மாத்தித்தான் ஆகணும். அங்க குடைகளோட பேச வேண்டியதில்லை பாருங்க" என்றார். எழுதிக் காட்டுவதற்காக அண்ணன் ஒரு பலகை வாங்கிவந்து வைத்தான். அப்பா அதைத் தொடாமல் முழங்கையால் நகர்த்தி மேசை ஓரத்துக்குத் தள்ளினார். வாழ்நாளெல்லாம் வாயால் வேலை பார்த்தவரிடம் அதை மறுபடி நீட்ட யாருக்கும் துணிவு வரவில்லை.

டாக்டரிடம் காட்டினார்கள். பரிசோதனை முடியும்வரை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, டாக்டர் அப்பாவின் தொண்டைக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். முடிந்ததும் அகலமான மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, "இப்ப பேசுங்க" என்றார். எதுவும் கேட்கவில்லை. தொண்டையில் குறை ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சின்னவளுக்கு டாக்டர் சொன்னது நம்பிக்கை தந்தது. தொண்டையில் குறை இல்லை என்றால் குரல் கிளம்புகிறது. போய்ச் சேரும் வழிதான் தெரியவில்லை. முன்பு 'அப்பா: இல்லை' என்று எழுதியிருந்ததை அடித்து, 'அப்பா: தெரியவில்லை' என்று திருத்தினாள். பிறகு வகுப்பில் படித்த வகைகளை ஒவ்வொன்றாக அவர்மேல் வைத்துப் பார்த்தாள். தொலைக்காட்சி ரிமோட்டைப்போல நேருக்கு நேர் பார்த்தால்தான் சேருமோ என்று அறைக்கு எதிர்மூலையில் நின்று முகம் பார்த்தாள். வெளிச்சம் பட்டுத் திரும்புவதுபோல் திரும்பி வருமோ என்று பீரோக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். செயற்கைக்கோள் வழியோ என்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், கோபுரம் நின்ற வடுவின்மேல் நாற்காலி போட்டு, திறந்த வானத்தின் கீழே உட்கார வைத்தாள். முதல் இணைப்பு கிடைக்கச் சற்று நேரம் பிடிக்கும் என்று படித்திருந்ததால் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒரு புறா வந்து அப்பாவின் காலடியில் நடந்துவிட்டுப் போயிற்று. வானொலிப் பெட்டியின் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகினாள். மிதியடிக்குக் கீழே சாவியை வைக்காதீர்கள் என்று சித்தப்பா ஊருக்கு உபதேசம் செய்வது மட்டும் வந்தது.

கடைசியில் தூரத்தை நம்பினாள். அத்தனை பெரிய நிலையத்துக்குப் பேசிய குரல் சின்ன அறைக்குள் கேட்காமல் போவது நியாயம்தான், எங்கோ தொலைவில் அது விழுந்துகொண்டிருக்கும் என்று தோன்றியது. அப்பாவை ஜன்னலருகே உட்கார வைத்து, "நீங்க பேசிக்கிட்டே இருங்கப்பா, நான் போய்க்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழக்கமாக வீட்டில் எல்லோரும் அவரோடு பேசும் இடத்தில், சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம், முதலில் நின்றாள். பிறகு வாசல். படி. தெரு. பூங்காவின் வேலி. ஒவ்வோர் இடத்திலும் கையைத் தூக்கினாள். மேலே ஜன்னலில் அப்பாவின் வாய் அசைந்தது. அன்றைய குறிப்பில் அவள் எழுதினாள்: 'ஒரே சொல்லைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறார் என்று உதட்டசைவில் தெரிகிறது. சோதனைக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவதுதான் சரியான முறை. அப்பாவுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.' மறுநாள் இன்னும் தொலைவாக, பாலத்தைத் தாண்டிப் போனாள். அங்கிருந்து ஜன்னலே தெரியவில்லை.

அருகே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டின் பழக்கம் அப்படி. அப்பாவிடம் யாருக்கும் பயம் இல்லை, கோபமும் இல்லை. கூண்டுக்குள் இருப்பவரோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் எல்லோரும் பேசிப் பழகிவிட்டார்கள். அவருக்குத் தேநீர் கொண்டுவருபவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்குவார், அவர் எடுத்துக்கொள்வார். அதிகாலைப் பணிக்கு எழுபவர் என்பதால் அவர் கட்டில் தனி அறையில் இருந்தது. அவர் தோளில் யாராவது கை வைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டிருந்தால் எல்லோரும் யோசித்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

சின்னவள் இதைக் கண்டுபிடிக்காமல் போனதுதான் வேடிக்கை. நூலகத்தில் தினமும் அவள் கையில் இருந்தது அதே சங்கதி. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். அதற்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. அலமாரியில் எத்தனை வருடம் இருந்தாலும் வாய் திறக்காது. மேசைமேல் பதித்த பலகைக்கு மிக அருகே கொண்டுவந்தால், பலகையிலிருந்து சக்தியை வாங்கிக்கொண்டு, தான் யார் என்பதை உடனே சொல்லிவிடும். பேருந்தில் பயண அட்டையைக் காட்டுவதும், கடையில் கைப்பேசியை ஒற்றி எடுப்பதும் இதே குடும்பம்தான் என்று வகுப்பில் சொன்னதை அவள் சுத்தமாக எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, டாக்டரிடம் இரண்டாம் முறை போய்விட்டு அவளும் அப்பாவும் பேருந்தில் திரும்பினார்கள். தொண்டை முன்பைவிட நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விடும் நேரம். ஏறும்போதே கூட்டம், இரண்டு நிறுத்தங்களில் நிற்க இடமில்லாமல் நெருக்கித் தள்ளி, அப்பாவின் மார்போடு அவள் தோள் ஒட்டிக்கொண்டது. இப்படி ஒட்டி நிற்பது கூச்சமாக இருந்ததால் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். அப்போது தெளிவாக, நடைமேடை எண் சொல்லும் அதே நிதானத்தில், காதருகே கேட்டது:

"என் கால் மேல நிக்கிறேம்மா. ஏறினதுலேர்ந்து நிக்கிறே."

அவள் பதறி, "மன்னிச்சிடுங்க" என்று எவரிடமோ சொல்வதுபோல் சொல்லிக் காலை எடுத்து, ஒரு கூடைக்காரரை இடித்துத் தள்ளி விலகி நின்றாள். திரும்பிப் பார்த்தால் அப்பா. அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிரமையாக இருக்கும் என்று நினைத்தாள். பிரமை என்றால் கால் எப்படிச் சரியாக இருந்தது என்றும் நினைத்தாள். அடுத்த நிறுத்தம் வரை இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்கள் இறங்கி இடம் காலியானபோது, போகக் கூடாத பக்கம் போகிறவள்போல் மெல்ல நகர்ந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"...கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

"கேக்குதுப்பா."

"நிஜமாவா?"

"நிஜமா."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அதுவும் கேட்டது. பிறகு அத்தனை நாளும் சேர்த்துவைத்ததை வரிசையாகச் சொன்னார். தன் அறை ஜன்னலின் கொக்கி சரியில்லை, இரவெல்லாம் அடித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் ஒரு வாரமாக உப்பு குறைவு. அத்தை தன்னைச் செவிடன் என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், தனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. தொலைந்த பொருள் அறையில் வெளிச்சமே கிடையாது, அங்கே போக மனமில்லை. கடைசியாகச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினார்.

"நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தியே, தெருவுக்கும் பாலத்துக்கும். நான் ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னேன்னு தெரியுமா?"

"சோதனைச் சொல்லு ஏதோ..."

"சோதனையாவது ஒண்ணாவது. 'கிட்ட வா'ன்னு சொன்னேன். நீ கையைத் தூக்கிட்டு இன்னும் தள்ளிப் போனே."

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போயிற்று. கடைசி நிறுத்தம் வரை போய், ஓட்டுநர் விளக்கை அணைத்தபின் இறங்கி, முழங்கையை விடாமல் திரும்பி நடந்து வந்தார்கள்.

வீட்டில் முதலில் நம்ப மறுத்தது அத்தை. "என்னை ஏமாத்தாதீங்க" என்று நாலு அறைக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே தம்பியின் கையைப் பிடித்தவள், பிடித்தபடியே மௌனமாகிவிட்டாள். எந்தச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தாலும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அண்ணன் அப்பாவின் தோளில் கை வைத்து, "கேக்குதுப்பா, ஓவர்" என்றான். சித்தப்பா இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே!" என்றதை ஊரிலிருந்த டாக்ஸிகள் எல்லாம் கேட்டன; என்ன விஷயம் என்று விசாரிக்க ஏழெட்டு வண்டிகள் வாசலில் வந்து நின்றன. அம்மா கடைசியாக, ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு வந்து, அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவர் சொன்னது அவளுக்கும், அவள் சொன்னது அவருக்கும் மட்டும் கேட்டதால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உப்பைப் பற்றியாக இருக்காது என்று அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வேலையிலும் சிக்கல் இருக்கவில்லை. கூண்டில் உட்கார்ந்த அப்பா பழக்கதோஷத்தில் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார்; மேலாளரின் முகம் வாடியது. சின்னவள் உள்ளே நுழைந்து மைக்கை எடுத்து, அவர் கன்னத்தோடு ஒட்டிவைத்தாள். நிலையம் முழுக்கக் குரல் கேட்டது. மூட்டையைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மலைக்குப் போகும் வண்டியிலிருந்து கடற்கரைக்காரர்கள் முண்டியடித்து இறங்கினார்கள்.

அதன்பின் வருடங்கள் சாதாரணமாகப் போயின. கூண்டின் கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார்கள். வழி கேட்பவர்கள் அதன் வழியே கையை நீட்டி அப்பாவின் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு விசாரித்தார்கள். அவசரத்தில் ஓடிவந்தவர்கள்கூட அந்தச் சில நொடிகள் மூச்சு வாங்கி நின்று, நிதானமாகப் போனார்கள். வீட்டில் அப்பாவின் நாற்காலி சாப்பாட்டு மேசையின் தலைமாட்டிலிருந்து நீள பெஞ்சுக்கு நடுவே நகர்ந்தது. அண்ணனுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்தன. பேச வேண்டுமானால் தாத்தாவின் மேல் ஏறி உட்கார வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள ஏற்பாடு என்றே அவை நினைத்து வளர்ந்தன. ஒரு மழைக்காலத்துக்குப் பின் வேறொரு கம்பெனி வந்து, கூரை ஒழுகாத வகையில் புதிய கோபுரம் ஒன்றை நட்டது. குரல்கள் பழையபடி திரும்பிவிடுமோ என்று எல்லோரும் அன்று காலை கொஞ்சம் கவலையோடுதான் எழுந்தார்கள். அத்தை தன் அறையிலிருந்து முணுமுணுத்தாள், அடுக்களையில் கேட்டது. சரி என்று அவரவர் வேலைக்குக் கிளம்பினார்கள்.

பேருந்திலிருந்து நடந்து வந்த அன்று சின்னவள் மாலை வகுப்புக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் எழுதி, அது போதுமான காரணமா என்று ஒரு கேள்விக்குறி போட்டு, அடித்துவிட்டாள். பிறகு 'அப்பா: தெரியவில்லை' என்று இருந்ததைத் திருத்தி, 'அப்பா: கை படும் தூரம்' என்று எழுதினாள். அதற்குக் கீழே மறுநாள் வேலை இப்படி இருக்கிறது:

நாளை: அப்பா அறை ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய வேண்டும். என் குரலை இதுவரை சோதிக்கவில்லை, அதையும் பார்க்க வேண்டும். கேட்டுச் சொல்ல அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த முறை கிட்டே இருந்து தொடங்க வேண்டும்.